ஒன்றரை டன் கடல்
வாசகர் கேள்வி – பதில்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டி, அதிலும் பவளம் வளர்க்கும் பெரிய தொட்டி பற்றி மதுரைப் பக்கமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

முதல் மாடி ஹாலில் 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அடி உயரத்தில் தொட்டி செய்ய ஆசை. "பீரோ, கட்டில் எல்லாம் வைக்கிறோம், இது தாங்காதா?" என்கிறார் கொத்தனார். கண்ணாடி 10 மி.மீ. போதும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
– வாசகர், கே.கே.நகர்

இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். கணக்கைப் பாருங்கள். உங்கள் தொட்டியின் கொள்ளளவு சுமார் 850 லிட்டர். மேலே விடும் இடைவெளி, கல் அடைக்கும் இடம் போனாலும், கீழே ஸ்டாண்டுக்குள் வரும் சம்ப் எனும் வடிகட்டித் தொட்டியின் தண்ணீரைச் சேர்த்தால் 900 லிட்டருக்குக் குறையாது. கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ. அதோடு கண்ணாடி 200 கிலோ, கல் 70, மணல் 50, இரும்பு ஸ்டாண்ட் 100 கிலோவுக்கு மேல். மொத்தம் 1,400 கிலோவைத் தொடும். அது நிற்கும் இடம் ஒன்றரைச் சதுர மீட்டர்கூட இல்லை. ஆக, ஒரு சதுர மீட்டருக்கு சுமார் ஒரு டன். வீட்டுத் தளங்களை வடிவமைக்கும்போது எடுத்துக்கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுதான். பீரோவோடு இதை ஒப்பிடவே முடியாது. பீரோவை நாளைக்கே நகர்த்தலாம். இது பத்து வருஷம் அதே இடத்தில் நின்று தளத்தை அழுத்தும்.

தரைத்தளத்தில் வைக்க வழி இருந்தால் யோசிக்காமல் அங்கே வையுங்கள். மாடிதான் என்றால், கீழ்வீட்டில் சுவரோ பீமோ ஓடும் கோட்டுக்கு மேலேயே நீளவாக்கில் வர வேண்டும். ஹாலின் நடுவிலோ, வெளியே நீண்டு நிற்கும் பால்கனித் தளத்திலோ கூடாது. வீட்டு வரைபடத்தை ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டி, கம்பி விவரத்தோடு பார்க்கச் சொல்லுங்கள். தொட்டிக்கு ஆகும் செலவில் அவருடைய கட்டணம் ஒரு மூலைக்கும் வராது.

கண்ணாடிக்கு வருவோம். தடிமனை முடிவு செய்வது முதலில் உயரம், அடுத்தது நீளம். 2 அடி உயரம், 6 அடி நீளத்துக்கு 10 மி.மீ. ஆபத்து. மேல் விளிம்பில் உள்பக்கமாக ஓடும் பட்டிக் கண்ணாடியும் குறுக்குப் பட்டியும் வைத்தால் 12 மி.மீ.யில் செய்பவர்கள் உண்டு. ஆனால் கணக்குப்படி அது விளிம்பில் நிற்கும் அளவு. 15 மி.மீ. போட்டு, பட்டியும் வையுங்கள். சூடேற்றி உறுதியாக்கிய டஃபன்டு கண்ணாடியில் பிற்பாடு துளை போட முடியாது, போட்டால் பொடிப்பொடியாகிவிடும். குழாய்த் துளைகளை அளந்து போட்ட பிறகே டஃபனிங்குக்கு அனுப்ப வேண்டும். சிலிக்கானில் 'ஆன்டி ஃபங்கல்' என்று எழுதியிருந்தால் ஒதுக்குங்கள், அந்த மருந்து தண்ணீரில் இறங்கும். ஒட்டிய பிறகு குறைந்தது ஒரு வாரம் காய விடுங்கள். பிறகு கார் நிறுத்தும் இடத்தில் வைத்து, கால் கால் பாகமாகச் சாதாத் தண்ணீர் நிரப்பி, இன்னொரு வாரம் பாருங்கள். மாடிக்கு ஏற்றிய பிறகு கசிவு தெரிந்தால் அழுகைதான் மிச்சம்.

ஸ்டாண்டின் மேல் 18 மி.மீ. மரைன் பிளை, அதன் மேல் தெர்மோகோல் ஷீட். தரைமட்டத்தை டியூப் லெவல் வைத்துப் பார்த்து, சாய்வை ஸ்டாண்டின் காலடியில் சரி செய்யுங்கள். கண்ணாடிக்கும் பிளைக்கும் நடுவே அட்டை சொருகினால் அந்த ஓரிடத்தில் அழுத்தம் குவிந்து அடிக்கண்ணாடி விரியும்.

தொட்டி 5 அடிக்கு 2 அடி. கரன்ட் போகும்போதெல்லாம் கீழே சம்ப் வழிந்து ஹாலில் ஓடுகிறது. செக் வால்வ் போட்டும் பயனில்லை. ஏன்?
– வாசகி, திருநகர்

பம்ப் நின்றதும், சம்ப்பிலிருந்து மேலே தண்ணீர் ஏற்றும் ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அந்த மட்டம் வரை மேல்தொட்டித் தண்ணீர் சைஃபனாகி, அதாவது தானே இழுபட்டு, அதே குழாய் வழியே இறங்கும். உங்கள் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் மட்டம் என்பது 9 லிட்டருக்குச் சற்று மேல். வாய் 7 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 65 லிட்டர் கீழே வரும். மேல்தொட்டியில் வழியும் நீர் விழும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாயிலும் இருப்பது வேறு. சம்ப்பில் அவ்வளவு காலி இடம் இல்லையென்றால் ஹாலுக்குத்தான் வரும்.

தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் செக் வால்வை நம்பவே கூடாது. உப்புப் படிவு, ஒரு குட்டி நத்தை, பாசி, இதில் எது சிக்கினாலும் அது மூடாது. வழி இரண்டு. ரிட்டர்ன் வாயை நீர்மட்டத்துக்குக் கீழே 1 அல்லது 2 செ.மீ.க்கு உயர்த்துங்கள். குழாயில், மட்டத்துக்குச் சற்றே கீழே 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். மட்டம் இறங்கியதும் அதில் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். துளையை மாதம் ஒருமுறை பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீர் இறங்கி முடியும் வரை பொறுத்து, சம்ப்பில் விளிம்புக்கு 5 செ.மீ. மிச்சம் இருக்கும்படி ஓடும்போதுள்ள மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் ஒருபோதும் நிரப்பாதீர்கள்.

மேல்தொட்டியிலிருந்து சம்ப்புக்கு இறங்கும் குழாய் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதா என்றும் பாருங்கள். புதிதாகச் செய்பவர்கள் மூன்று வைக்க வேண்டும்: கேட் வால்வால் அளவாகத் திறந்து முழுக்க நீரோடு ஓடுவது ஒன்று, மீதி லேசாக வழிந்து இறங்க ஒன்று, எப்போதும் வறண்டு நிற்கும் அவசரக் குழாய் ஒன்று. மூன்றாவதில் சலசலவென்று சத்தம் கேட்டால் முதலாவது அடைத்திருக்கிறது என்று பொருள்.

ராமேஸ்வரம் 170 கி.மீ.தானே. கடல் தண்ணீரும் பவளக் கல்லும் அங்கிருந்தே கொண்டு வந்தால் செலவு மிச்சமாகுமே?
– வாசகர், ஒத்தக்கடை

கல்லை முதலில் மறந்துவிடுங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001 முதல் கல்பவளங்கள் அத்தனையும் இருக்கின்றன. கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாமே அதே பட்டியலில்தான். புலிக்குள்ள அதே பாதுகாப்பு இது. கரையில் ஒதுங்கிய செத்த கல்லாயிற்றே என்ற பேச்சு எடுபடாது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து மணல்கூட எடுக்கக் கூடாது. 'லைவ் ராக் (நுண்ணுயிர் குடியிருக்கும் கடல் கல்), மண்டபம் சரக்கு' என்று காதோடு சொல்லி விற்பவரிடம் வாங்கினால், வழக்கு விற்றவர் மேல் மட்டும் போகாது.

பில்லோடு விற்கும் செயற்கைப் பீங்கான் கல்லோ, அரகனைட் கல்லோ போதும். தொட்டியை மென்பவளம், பொத்தான் போல விரியும் சோவாந்தஸ், காளான் பவளம் இவற்றைச் சுற்றித் திட்டமிடுங்கள். அதிலும் கடலில் பறித்ததை அல்ல, தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டைக் கேட்டு வாங்குங்கள். முதல் தொட்டிக்கு இவைதான் பொருத்தம். சட்டம் இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்லியிருப்போம்.

தண்ணீரைப் பயன்படுத்தலாம், ஆனால் மிச்சம் பெரிதாக இராது. கரையோர நீரில் சேறும் சாக்கடைக் கலப்பும் உண்டு, வடகிழக்குப் பருவமழையில் உப்பும் குறையும். எடுத்த நீரை மூடி, இருட்டில் இரண்டு மூன்று வாரம் தெளிய விட்டு, வடிகட்டி, உப்பளவு பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். மாதம் 200 லிட்டருக்காக டெம்போ பிடிப்பதைவிட உப்புக் கலவை மலிவு. லிட்டருக்குச் சுமார் 38 கிராம். 900 லிட்டர் அமைப்புக்கு முதல் தடவை 35 கிலோ வாங்க வேண்டியிருக்கும்.

400 லிட்டர் தொட்டி. தினமும் 6 லிட்டர் குறைகிறது. அதே உப்புத் தண்ணீரைக் கலந்து ஊற்றுகிறேன், வீட்டு ஆர்.ஓ. தண்ணீர்தான். பத்து நாளில் பவளமெல்லாம் சுருங்கிவிட்டது.
– வாசகர், மேலூர்

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கிறது. நீங்கள் தினமும் 210 கிராம் உப்பைக் கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள். லிட்டருக்கு அரை கிராம் வீதம், 35 இருந்தது பத்து நாளில் 40 ஆகியிருக்கும். குறைவதற்கு ஈடாக நல்ல தண்ணீர், மாற்றும்போது மட்டும் உப்புத் தண்ணீர். இப்போதுள்ள உப்பை ஒரே நாளில் இறக்காதீர்கள், நாளைக்கு ஒரு புள்ளி போதும்.

வீட்டு ஆர்.ஓ.வும் சரிவராது. குடிக்க ருசி வேண்டும் என்று அதில், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் கூட்டிக் குறைக்கும் டி.டி.எஸ். திருகு ஒன்று இருக்கும். கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரையே கலந்துவிடும். சிலவற்றில் தாது சேர்க்கும் குப்பியும் உண்டு. போர் தண்ணீர் கடினமாக உள்ள ஊர்களில் இது இன்னும் மோசம். ஆர்.ஓ. சவ்வுக்குப் பின்னால், மிச்ச உப்பையும் உறிஞ்சும் டி.ஐ. ரெசின் குப்பி போட்ட தனி அமைப்பு வேண்டும். டி.டி.எஸ். மீட்டர் 0 காட்ட வேண்டும், 3 காட்டினால் ரெசினை மாற்றுங்கள். கழிவாகும் நீர் மூன்று நான்கு மடங்கு வரும், பாத்திரம் தேய்க்க எடுத்துக்கொள்ளலாம்.

450 லிட்டர் தொட்டி. சித்திரையில் 32 டிகிரிக்குப் போய்விடுகிறது. கால் எச்.பி. சில்லர் ஸ்டாண்டுக்குள் இருக்கிறது, நாள் முழுக்க ஓடியும் இறங்கவில்லை. மாதாந்திர மின்தடை நாளில் என்ன செய்வது?
– வாசகர், திருமங்கலம்

சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை எங்கே விடுகிறது? அதே அலமாரிக்குள். பிறகு அந்தக் காற்றையே இழுத்துக் குளிர்விக்கப் பார்க்கிறது. முதலில் அதை வெளியே எடுத்து, சூட்டுக் காற்று ஜன்னல் பக்கம் போகும்படி வையுங்கள். அதற்குப் பிறகும் இறங்கவில்லையென்றால் அளவு போதவில்லை. பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு மிதமான அறைக்கு எழுதியது, 40 டிகிரி வெயிலுக்கு அல்ல. அரை எச்.பி. வாங்குங்கள். 26க்கு வைத்து, ஒரு டிகிரி ஏறினால் மட்டும் ஓடும்படி அமையுங்கள்.

மண்பானைக் கணக்கையும் விட்டுவிடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நம் பக்கம் கோடைக்காற்று வறண்டது. நீர்ப்பரப்பின் மேல் இரண்டு சின்ன ஃபேன் வீசினாலே 2, 3 டிகிரி இறங்கும். கண்ணாடி மூடிக்குப் பதில் வலை போடுங்கள், மீனும் குதிக்காது. ஆனால் ஆவியாகும் அளவு கூடும், தானாக நல்ல தண்ணீர் நிரப்பும் கருவி அவசியமாகிவிடும்.

சூடு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? பவளத்தின் சதைக்குள் இருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. 30ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பவளம் அதை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 கோடைகளில் இப்படி வெளுத்தது.

மின்தடை நாளில் சில்லரை இன்வெர்ட்டரில் போடாதீர்கள். ரிட்டர்ன் பம்ப்பும் அலை பம்ப்பும் ஓடினால் போதும், இரண்டும் சேர்ந்து 70 வாட் அளவுதான். 150 ஆம்பியர் பேட்டரியில், பழசு என்று பாதியாகக் கணக்கிட்டாலும் 12 மணி நேரம் வரும். இன்வெர்ட்டர் சைன் வேவாக இருக்கட்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஏ.சி. பம்ப் உறுமும், சூடேறும், சீக்கிரம் போகும். வெப்பத்துக்கு, முந்தின இரவே இரண்டு லிட்டர் பாட்டில்களில் தண்ணீர் உறைய வைத்து, மூடியோடு சம்ப்பில் ஒவ்வொன்றாக மிதக்க விடுங்கள். ஓட்டம் நின்றுபோனால் முதலில் சாவது மீன்தான். சூடான நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு.

இதோடு இன்னொன்று: தொட்டி லைனில் மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாமல் கையை உள்ளே விடக் கூடாது. உப்புத் தண்ணீர், மின்சாரத்துக்கு நல்ல பாதை.

கால்சியத்துக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் விடுவார்களாமே. வெற்றிலைச் சுண்ணாம்பே போதுமா?
– வாசகி, உசிலம்பட்டி

பொருள் அதேதான், கால்சியம் ஹைட்ராக்சைடு. ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. உணவுத் தரமோ ஆய்வகத் தரமோ உள்ள பொடியை வாங்குங்கள். லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஒன்றரை கிராம், அதற்கு மேல் கரையாது. தெளிய விட்டு, மேல்நீரை மட்டும், இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பி.எச். 12ஐத் தாண்டிய நீர் அது. குவளையோடு கொட்டினால் பி.எச். தாறுமாறாக ஏறும். மென்பவளம் மட்டும் வைத்திருந்தால் இந்தப் பாடே வேண்டாம். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் கால்சியமும் காரத்தன்மையும் தானே நிற்கும்.

தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் ஆயிற்று, கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. பையன் 'நீமோ' கேட்கிறான். இப்போது விடலாமா? அதோடு வாழும், பூப்போன்ற கடல் உயிரியான அனிமோனும் சேர்த்து வாங்க வேண்டுமா?
– வாசகர், விளாங்குடி

தெளிவு வேறு, தயார் வேறு. அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா கல்லில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு அம்மோனியம் குளோரைடு போட்டு, அது ஒரே நாளில் 0 ஆகி, நைட்ரைட்டும் 0 காட்டினால் விடலாம். இடையில் மணல் பழுப்பாகும். அது டயாட்டம் பாசி, தானே போகும். மருந்து ஊற்றாதீர்கள்.

பையன் கேட்கும் நீமோ என்பது கோமாளி மீன்; குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்ததைக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இதன் குஞ்சு உற்பத்தி முறையை உருவாக்கியிருக்கிறார்கள். வளர்ப்பு மீனுக்குத் தீனி பழகியிருக்கும். தனித் தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் தாமிர மருந்தை அங்கேதான் கொடுக்க முடியும். பெரிய தொட்டியில் ஊற்றினால் நத்தை, இறால், பவளம் எதுவும் மிஞ்சாது.

அனிமோன் வேண்டாம். அது இல்லாமலே கோமாளி மீன் சுகமாக இருக்கும். ஆறு மாதம்கூட ஆகாத தொட்டியில் அனிமோன் இடம் பிடிக்காமல் ஊர்ந்து திரியும், ஒரு ராத்திரி அலை பம்ப்புக்குள் போய் அரைபடும். காலையில் தொட்டி முழுக்கக் கஞ்சித் தண்ணீர்.