ஹாலுக்கு வராதவர்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் நகர் மூத்த குடிமக்கள் சங்கம் பூங்கா பெஞ்சில் 12 பேரோடு தொடங்கியது. இன்று 300 உறுப்பினர்கள். யோகா, மாதக் கூட்டம், கண் பரிசோதனை முகாம் எல்லாம் நடக்கிறது. போன மாதம் இரண்டு பஸ்ஸில் நவக்கிரகச் சுற்றுலா போய் வந்தோம். சொந்தமாக ஹால் கட்டப் போகிறோம். சங்கமாகவே இருப்பதா, அறக்கட்டளையாக மாறுவதா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

பதிவு விஷயத்தை ஒரு நல்ல ஆடிட்டர் அரைமணியில் சொல்லிவிடுவார். 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்துக்கு 7 பேர் இருந்தால் போதும். அதை விடுங்கள்.

அந்த முதல் 12 பேர் இப்போது எங்கே? எத்தனை பேர் எழுந்து நடக்கிறார்கள், எத்தனை பேர் படுக்கையில்? பஸ் கணக்கு எழுதிய உங்களுக்கு இது எழுதத் தோன்றவில்லையே!

கொஞ்ச நாளாக என் பெரியம்மா நினைவாகவே இருக்கிறேன். லிப்ட் இல்லாத வீட்டில் மூன்றாவது மாடி. இடுப்பெலும்பு முறிந்தபின் கீழே இறங்கவே இல்லை. அவரும் ஒரு சங்கத்தில் ஆயுள் சந்தா கட்டியவர்தான். மாதாமாதம் அழைப்பிதழ் வரும், 'அனைவரும் வருக' என்று. அதை என்னை வாசிக்கச் சொல்லி, யார் பாடப்போகிறார்கள், என்ன டிபன் என்றெல்லாம் கேட்பார். எண்பதாவது பிறந்தநாளுக்குச் சங்கத்திலிருந்து பொன்னாடை வந்தது. வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மூட்டுவலியாம், மாடி ஏற முடியாதாம். சரி, எழுபது வயதுக்காரருக்கு வலி இருக்கும்தான். அறுபத்திரண்டு வயதில் ஒருவர்கூடவா சங்கத்தில் இல்லை?

பெரியம்மாவுக்குப் பொன்னாடையா வேண்டும்? குனிய முடியாமல் கால் நகம் வளர்ந்து சதையில் குத்திக்கொண்டிருந்தது. அதை வெட்ட ஒரு கை வேண்டும். நவம்பரில் குடும்ப ஓய்வூதியத்துக்கு ஆயுள் சான்று தர வேண்டும். தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வைத்து எடுத்துக் கொடுப்பார் என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

கேரளத்தைப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளின் வலியைத் தணிக்க ஒரு சிறு சங்கம் தொடங்கினார்கள். அது மலப்புரம் பக்கம் ஊர் ஊராகப் பரவியபோது வீட்டுக்குப் போவதைத்தான் முதல் வேலையாக வைத்தார்கள். வாரத்துக்கு 2 மணி நேரம் தர முடிந்த அக்கம்பக்கத்தாரைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, நர்ஸோடு அனுப்பினார்கள். படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களும் அதில் வந்துவிட்டார்கள். 2008-இல் அரசே அதைக் கொள்கையாக ஏற்றது. வளர்ச்சி என்றால் எனக்கு இதுதான்.

உங்கள்மேல் கோபமில்லை. பெஞ்சில் கிடந்தவர்களைக் கூட்டிச் சேர்த்து சிரிக்க வைத்திருக்கிறீர்கள், அது லேசான காரியமா? அதனால்தான் இவ்வளவு உரிமையோடு திட்டுகிறேன். வருகைப் பதிவேட்டை எடுத்து, ஆறு மாதமாக வராதவர்கள் பெயரைத் தனியே எழுதுங்கள். தெருவுக்கு இரண்டு பேராகப் போங்கள், பெண்கள் இருக்கும் வீட்டுக்குப் பெண்கள் போகட்டும். நகவெட்டி கொண்டுபோங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணைப் பெரிதாக எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள். ஹால் விஷயம் அப்புறம் பேசலாம். கட்டுவதானால் தரைத்தளத்திலேயே கட்டுங்கள்.