நோயாளி என்ன பாவம் செய்தார்?

கேள்வி: பணி நிரந்தரம், சம்பள உயர்வு என்று எம்.ஆர்.பி. நர்ஸுகள் அடிக்கடி போராட்டத்தில் இறங்குகிறார்கள். தொகுப்பூதியம் என்று தெரிந்துதானே கையெழுத்துப் போட்டு வேலைக்கு வந்தார்கள்? பிடிக்காவிட்டால் போகட்டும், அந்த வேலைக்கு எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். உயிர் காக்கிற இடத்தில் சங்கம், கோஷம், வேலைநிறுத்தம் எல்லாம் தேவையா? நோயாளி என்ன பாவம் செய்தார்?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: கையெழுத்திலிருந்தே ஆரம்பிப்போம். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., போட்டித் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸுகளை எடுத்தபோது, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு வருடம் முடித்தால் நிரந்தரப் பணியாளருக்குரிய காலமுறை ஊதியம் என்று சொல்லித்தான் எடுத்தது. நர்ஸுகள் தங்கள் பங்குக்கு இரண்டு வருடத்தை முடித்துவிட்டார்கள். எதிர்த்தரப்பு தன் பங்கைச் செய்ய வேண்டிய நேரம் வந்தபோது, காலியிடம் வர வர ஒவ்வொருவராகப் பார்க்கலாம் என்றது. ஒப்பந்தத்தை மதிக்கச் சொல்கிறீர்களே, அதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள்.

2017 நவம்பர் கடைசியில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் வந்து உட்கார்ந்தது இதற்காகத்தான். அதற்கு முன் மனு கொடுக்கவில்லையா என்றால், கொடுத்தார்கள், வாங்கி வைத்துக்கொண்டார்கள். உட்கார்ந்தவர்களை எழுப்ப வளாகத்துக் கழிப்பறைகளையே பூட்டிவிட்டார்கள் என்று நர்ஸுகள் குற்றம் சாட்டினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டது, மூன்றாவது நாள் எழுந்து வேலைக்குப் போனார்கள். சரி, தோற்றுவிட்டார்களா? அதற்குப் பிறகுதான் அந்த 7,700 என்பது 14,000 ஆனது, பின்னால் 18,000 ஆனது. பக்கத்துப் படுக்கையைப் பார்த்துக்கொள்கிற நிரந்தர நர்ஸ் வாங்குவதில் அது இன்னும் பாதிகூட இல்லை என்பது வேறு விஷயம், ஆனால் அந்த உயர்வைக்கூட எந்த அதிகாரியும் காலையில் எழுந்து காபி குடிக்கும்போது தானாக நினைத்துப் பார்த்துக் கொடுத்துவிடவில்லை.

இதில் கட்சிக் கணக்குப் பார்க்கவும் இடமில்லை. தொகுப்பூதியத்தில் எடுத்தது ஒரு ஆட்சி. கொரோனாவில் அவசர அவசரமாக எடுத்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஒப்பந்தம் முடிந்தது, போய் வாருங்கள் என்று அனுப்பியது அடுத்த ஆட்சி. 2020 மே மாதம் ஹெலிகாப்டரிலிருந்து ஆஸ்பத்திரிகள் மேல் பூத் தூவினோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பூவுக்கான பெட்ரோல் செலவை அப்போது யாரும் கேட்கவில்லை. நர்ஸுக்கு மகப்பேறு விடுப்பு தர வேண்டும் என்றால் மட்டும் ‘நீ ஒப்பந்தம்தானே’ என்ற கேள்வி வந்துவிடுகிறது, அதற்கும் ஒரு சங்கம் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பிரசவ வார்டில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு!

இப்போது நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி. நோயாளி என்ன பாவம் செய்தார்?

நல்ல கேள்வி. வருடத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் கேட்கப்படுவதுதான் அதன் கோளாறு. இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி சாதாரண வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மூன்று பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் இருக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு ஏதாவது ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் ஜெனரல் வார்டுக்குப் போய்ப் பாருங்கள். கட்டில் நிறைந்து தரையில் பாய் விரித்திருக்கும். ஒரே ஒரு சிஸ்டர். ஒரு மூலையில் டிரிப்ஸ் முடிந்து குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும், இன்னொரு மூலையில் அப்போதுதான் அட்மிஷன் ஆனவருக்கு ஊசி போட நரம்பு கிடைக்காது, நடுவில் நோயாளியோடு வந்த ஒரு அட்டெண்டர் ‘எவ்வளவு நேரமாக் கூப்பிடுறேன்’ என்று கத்துவார், இதற்கிடையே கேஸ் ஷீட்டில் பி.பி., டெம்பரேச்சர், கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் எல்லாம் எழுதி முடித்தால்தான் காலையில் அடுத்த ஷிப்டிடம் ஒப்படைக்க முடியும். அந்த ராத்திரியில் மருந்து ஒரு மணி நேரம் தாமதமானால் அதைப் பற்றி எந்த வாசகரும் எனக்குக் கடிதம் போடுவதில்லை. போராடும் நர்ஸுகளின் கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்தோடு சேர்த்து ‘நோயாளி எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடுதல் பணியிடம்’ என்று ஒரு வரி இருக்கும், அதை நாம் யாரும் படிப்பதில்லை.

வேலைநிறுத்தம் என்றால் எல்லாரும் ஊசியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. 2022 டிசம்பரில் பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் வேலைநிறுத்தம் செய்தது. 1916-இல் தொடங்கிய அமைப்பு, நூறு வருடத்துக்கு மேல் அந்த அளவுக்கு ஒரு வேலைநிறுத்தத்தைத் தொட்டதே இல்லை. அப்போதும் தீவிர சிகிச்சை, டயாலிசிஸ், கீமோதெரபி எல்லாம் நடந்தன. எதை நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது என்று உட்கார்ந்து எழுதிவைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். வேலைநிறுத்தம் என்பது நர்ஸுகளும் வேண்டாவெறுப்பாகக் கடைசியில் எடுக்கிற முடிவுதான்.

சங்கம் எதற்கு என்கிறீர்கள். பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். தனியார் மருத்துவமனைகளில் நர்சிங் முடித்தவர்களின் சான்றிதழை வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டு, இத்தனை வருடம் வேலையை விடமாட்டேன் என்று பாண்டு எழுதி வாங்கி, கல்விக் கடன் வட்டிக்குக்கூடப் போதாத சம்பளம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 2011-இல் யுனைடெட் நர்ஸஸ் அசோசியேஷன் உருவானது. 2016 ஜனவரியில் தனியார் நர்ஸுகளின் நிலையைப் பார்க்க ஒரு குழு போடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குச் சொன்னது. அந்தக் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான சின்ன ஆஸ்பத்திரியில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, இருநூறு படுக்கைக்கு மேல் போனால் அரசு நர்ஸுக்குச் சமமாகத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை நாடு முழுவதற்கும் பொது. காகிதத்தில் அது எல்லா மாநிலத்துக்கும் போய்ச் சேர்ந்தது. காசாக மாறியது எங்கே? 2017 ஜூலையில் கேரள நர்ஸுகள் மாநிலம் முழுக்க நிறுத்தத்துக்குத் தயாரானபோது, கண்ணூரில் நர்சிங் மாணவர்களை அனுப்பி வார்டுகளைச் சமாளிக்க மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட்டுப் பார்த்தது. கடைசியில் முதல்வர் பினராயி விஜயன் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்து 20,000 என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதை அரசாணையாக்க இன்னும் ஒன்பது மாதம் இழுத்தார்கள். சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடக்கப்போகிறோம் என்று நர்ஸுகள் அறிவித்து, மறுநாள் காலை புறப்பட வேண்டும், முதல்நாள், 2018 ஏப்ரல் 23, அறிவிக்கை வந்துவிட்டது! அந்தச் சங்கம் ஒன்றும் அப்பழுக்கில்லாதது அல்ல, பின்னால் நிதி முறைகேடு புகார், வழக்கு எல்லாம் வந்தது. தலைமை மேல் புகார் இருந்தால் விசாரிக்கட்டும், அதற்காக நர்ஸின் 20,000 ரூபாய் தப்பாகிவிடாது. இதே பரிந்துரை நம்மூர்த் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் பொருந்தும். உங்கள் ஊரில் ஏதாவது ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்க்கிற பெண்ணிடம் சம்பளம் எவ்வளவம்மா என்று கேட்டுப் பாருங்கள், தரையைப் பார்த்துக்கொண்டே ஒரு தொகையைச் சொல்லுவார்.

காத்திருப்பவர்கள் கதைக்கு வருகிறேன். காத்திருக்கிறார்கள், உண்மை. அவர்களில் எத்தனை பேர் ஜெர்மன் வகுப்புக்குப் போய்க்கொண்டும் ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டும் காத்திருக்கிறார்கள் என்று விசாரித்தீர்களா? தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்ஸுகளை ஆளெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. பிடிக்காவிட்டால் போகட்டும் என்றீர்கள், போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். பத்து வருட அனுபவம் உள்ள சிஸ்டர் ரியாத்துக்குப் போய்விட்டால் அந்த இடத்துக்கு நேற்றுப் படிப்பு முடித்த பெண் வருவார், அவர் கை பழகுவது நம் நரம்பில்தான். இருந்து போராடுகிறவர் குறைந்தபட்சம் இங்கேயே வேலை பார்க்க ஆசைப்படுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்களேன்.

நோயாளிகள் மீது உங்களுக்கு இருக்கும் அக்கறை உண்மையானது என்றே நம்புகிறேன். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் இரவு ஷிப்டில் ஒரு வார்டுக்கு எத்தனை நர்ஸ், எத்தனை படுக்கை என்று எண்ணி, அதை ஒரு கடிதமாக எழுதி அனுப்புங்கள். எனக்கு வேண்டாம். சுகாதாரத் துறைச் செயலாளர், தலைமைச் செயலகம், சென்னை 600009.