இரண்டு வயலின்கள் பேசும் ஒற்றுமை

கேள்வி: ஒற்றுமை என்னும் இலட்சியத்தை முன்வைத்து, இரண்டு தந்திக் கருவிகளுக்காக இக்கால இசையமைப்பாளர்கள் எழுதும் படைப்புகளைப் பற்றி அவ்வப்போது படிக்கிறேன். பாடல் வரிகளே இல்லாத இசை ஒற்றுமையைப் பற்றி எதையாவது சொல்ல முடியுமா? தலைப்பில் எழுதிவிட்டால் போதுமா?

பதில்: தலைப்பு போதாது, இசையின் கட்டமைப்பிலேயே அந்த எண்ணம் ஊறியிருக்க வேண்டும். அப்படி ஊறிய படைப்பு என்றதும் என் நினைவுக்கு முதலில் வருவது, ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் 1931இல் இரண்டு வயலின்களுக்காக எழுதிய 44 சிறு உருப்படிகள்தாம். எரிக் டோஃப்லைன் என்ற ஜெர்மானிய வயலின் ஆசிரியர் மாணவர்களுக்காகக் கேட்டதன் பேரில், எளியதில் தொடங்கிக் கடினமானதை நோக்கிச் செல்லும் பயிற்சித் தொகுப்பாக அவை உருவாயின. இரண்டைத் தவிர எல்லாமே நாட்டுப்புற மெட்டுகளிலிருந்து பிறந்தவை. ஹங்கேரியர், ருமேனியர், ஸ்லோவாக்கியர், செர்பியர், ருதேனியர் எனப் பல மக்களின் மெட்டுகள் அடுத்தடுத்த பக்கங்களில் அமர்ந்திருக்கின்றன. 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா பகுதிக்குச் சென்று பார்டோக் சேகரித்த அரபு இசைக்கும் 42ஆம் உருப்படியில் இடம் கிடைத்திருக்கிறது.

இந்த வரிசை எவ்வளவு துணிவானது என்பதை அந்தக் காலத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் உணர முடியும். முதல் உலகப் போருக்குப் பின் 1920இல் எல்லைகள் மாற்றி வரையப்பட்டு, டிரான்சில்வேனியா ருமேனியாவிடம் போன கசப்பில் ஹங்கேரி கொதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில், ருமேனிய நாட்டுப்புற இசையை ஆராய்ந்து எழுதியதற்காகப் பார்டோக் நாட்டுப்பற்று இல்லாதவர் என்று தாக்கப்பட்டார். அவர் பின்வாங்கவில்லை. 1931 ஜனவரியில் ஒக்டாவியன் பேயு என்ற ருமேனியருக்கு எழுதிய கடிதத்தில், போர்களையும் பூசல்களையும் மீறி மக்களினங்கள் உடன்பிறப்புகளாக வாழ்வதே தன்னை நடத்தும் எண்ணம் என்றும், ஊற்று தூய்மையாக இருந்தால் அது எந்த மக்களிடமிருந்து வந்தாலும் ஏற்பேன் என்றும் அவர் தெளிவாகச் சொன்னார். 44 உருப்படிகள் அந்தக் கடிதத்தின் ஆண்டிலேயே பிறந்தவை.

இனி இசைக்குள் வருவோம். வயலினின் விரற்பலகையில் இதுதான் இடம் என்று காட்டும் குறி எதுவும் இல்லை. ஒருவர் நொடிக்கு 440 அதிர்விலும் மற்றவர் 442 அதிர்விலும் ஒரே சுரத்தை வாசித்தால், நொடிக்கு இரண்டு முறை ஒலி விம்மித் தணியும். கூர்ந்து கேட்டபடியே ஒருவரின் விரல் மயிரிழை நகர, விம்மல் மெல்ல மெல்ல அடங்கி, ஒலி நிலைகொள்ளும். நகர்ந்தவர் யார் என்று கேட்பவருக்குத் தெரியாது. இரண்டு தந்திக் கருவிகள் சேரும் இசையில் எனக்கு மிகவும் பிடித்த கணம் இதுவே.

ஆனால் பார்டோக் அதோடு நிறைவடைவதில்லை. 37ஆம் உருப்படியில், ஒரு வயலின் சொன்னதை மற்றது சற்றுப் பிந்தித் தொடர்கிறது. ஒருவர் அவசரப்பட்டாலும் கட்டு குலைந்துவிடும். வேறு சில உருப்படிகளில் இரு வயலின்களும் தனித்தனி ஆதார சுரத்தைப் பற்றிக்கொண்டு, உரசலைக் கைவிடாமலேயே கடைசிவரை சேர்ந்து நடக்கின்றன. இருவரும் ஒரே சுரத்தை வாசித்து ஒற்றுமையைக் காட்டுவது எளிது. எந்த மெட்டின் கரடுமுரடையும் வழித்தெடுக்காமல் உடன் வைத்திருப்பது கடினம். அதனால்தான் இந்தத் தொகுப்பை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

கேள்வி: இன்று வாழ்பவர்களில் யாரைக் கேட்கலாம்?

பதில்: அமெரிக்காவின் ஜெஸ்ஸி மான்ட்கோமரி 2015இல் வயலினுக்கும், அதைவிடப் பெரிய தந்திக் கருவியான செல்லோவுக்கும் எழுதிய இருவர் இசை, நட்பைப் போற்றும் படைப்பு. ஜெர்மனியின் யோர்க் விட்மன் அதே இணைக்கு 2008இல் 24 உருப்படிகள் எழுதியிருக்கிறார். செல்லோவின் அடித்தந்தி ஏறக்குறைய 65 அதிர்விலும் வயலினின் அடித்தந்தி 196 அதிர்விலும் ஒலிப்பதால், இந்த இணையில் செல்லோ மேலேறியும் வயலின் கீழிறங்கியும் ஒருவர் இடத்துக்கு மற்றவர் வந்துபோவது தெளிவாகக் கேட்கும். பார்டோக்கில் தொடங்குவதானால், சோகம் ததும்பும் 28ஆம் உருப்படியை இருமுறை கேளுங்கள்; இரண்டாம் முறை, மெட்டை விட்டுவிட்டுத் துணைக்குரலை மட்டும் பின்தொடருங்கள்.