கல்யாண நாளுக்குக் கொடைக்கானல் போகலாமா?

கேள்வி: ஐந்தாவது கல்யாண நாளுக்கு ஒரே நாளில் கொடைக்கானல் போய்வரலாம் என்கிறார் கணவர். பிள்ளைகளுக்கு நான்கு வயது, ஒன்றரை வயது. போகலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: வேண்டாங்க. மதுரையிலிருந்து போக மட்டும் சுமார் 120 கி.மீ., அதிலும் மலைப்பாதை வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுத்தால் கல்யாண நாள் முழுக்கத் துணி மாற்றுவதிலேயே போய்விடும். மதுரையிலிருந்து 21 கி.மீ. தூரத்திலேயே அழகர்கோயில் இருக்கிறதே! மதியம் நடை சாத்துவதால் காலையிலேயே கிளம்பி, பெருமாளைக் கும்பிட்டு, பிள்ளைகளுக்கு அழகர்கோயில் தோசை வாங்கிக்கொடுத்து, மலைமேல் பழமுதிர்சோலைக்கு வண்டியிலேயே போய்விடலாம். குரங்குகள் அதிகம், பிஸ்கட் பாக்கெட் பைக்குள்ளேயே இருக்கட்டும். அப்புறம் சாயங்காலம் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு நீங்கள் இருவர் மட்டும் சாப்பிடப் போங்கள், அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.