விளக்கு எரிகிறது, இணையம் இல்லை

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு பேர். இரண்டு இணைய இணைப்புகளை ஏற்கும் ரவுட்டர் வாங்கி, ஒன்றில் ஃபைபர் மோடத்தையும் மற்றொன்றில் 4ஜி மோடத்தையும் செருகியிருக்கிறோம். மாட்டிய அன்று ஃபைபர் பக்கத்துக் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். சில நொடிகளில் 4ஜிக்கு மாறியது. ஆனால் போன வாரம் வெளியே ஃபைபர் உண்மையிலேயே அறுந்து, இரண்டு மணி நேரம் இணையம் இல்லை. ரவுட்டர் 4ஜி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரவுட்டர் பழுதா?

பதில்: பழுதில்லை. நீங்கள் செய்த சோதனைதான் போதவில்லை. வருந்தாதீர்கள், நானும் இதில் மாட்டிக்கொண்டவன்தான். முதன்முதலாக இப்படியொரு ரவுட்டரை மாட்டிக்கொடுத்த இடத்தில், முதலாளியின் கண்முன் கேபிளை உருவிக் காட்டிப் பாராட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த மாதமே இணைப்பு போனது. தொலைபேசியில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "பச்சை விளக்கு எரிகிறதே தம்பி, பிறகு ஏன் எதுவும் வரவில்லை?"

ரவுட்டருக்கும் மோடத்துக்கும் நடுவே இருப்பது இரண்டு முழக் கேபிள். அந்த இரண்டு முழம் நலமாக இருக்கிறது என்பதைத்தான் விளக்கு சொல்கிறது. தெருவில் ஃபைபர் அறுந்தாலும் மோடத்துக்கு மின்சாரம் இருக்கிறது, கேபிள் இருக்கிறது, விளக்கும் எரிகிறது. மோடமே இணைப்பை ஏற்படுத்தி, ரவுட்டருக்கு 192.168 என்று தொடங்கும் முகவரி ஒன்றைக் கொடுத்திருந்தால், ரவுட்டர் அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடும். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ரவுட்டரிலேயே கொடுக்கும் பி.பி.பி.ஓ.இ. முறையானால், மறுமுனை மௌனமானதை அதுவே சற்று நேரத்தில் கண்டுபிடிக்கும். உங்களுடையது அப்படி அல்ல என்பது இரண்டு மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'லிங்க் டிடெக்‌ஷன்', 'ஹெல்த் செக்', 'ஆன்லைன் டிடெக்‌ஷன்' என்ற பெயர்களில் ஒன்று இருக்கும். நிறுவனத்துக்கு ஒரு பெயர். அதைத் திறந்து, எதற்கு பிங் ("இருக்கிறாயா" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் சிறு செய்தி) அனுப்புகிறது என்று பாருங்கள். 'கேட்வே' என்றிருந்தால், பக்கத்து மேசையில் இருக்கும் மோடத்திடமே "உலகம் இருக்கிறதா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். மோடம் எப்போதும் ஆம் என்றுதான் சொல்லும். வெளியே இருக்கும் இரண்டு முகவரிகளைக் கொடுங்கள், கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 இரண்டும் நல்ல தேர்வு. இரண்டுமே பதில் தராவிட்டால்தான் இணைப்பு போனதாகக் கொள்ள வேண்டும் என்று அமையுங்கள். தளப் பெயரைக் கொடுக்காதீர்கள், எண்ணையே கொடுங்கள். பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். தடுமாறினாலும் இணைப்பே செத்ததாக ரவுட்டர் நம்பிவிடும்.

5 நொடிக்கு ஒரு பிங், தொடர்ந்து 4 தவறினால் மாறு என்று வைத்தால், 20 நொடி அளவில் 4ஜிக்குப் போய்விடும். 1 நொடி, 1 தவறு என்று வைத்துவிட்டு, ரவுட்டர் பைத்தியம் பிடித்ததுபோல் இங்கும் அங்கும் தாவுகிறது என்று புலம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். போவதில்கூட அவசரம் இருக்கலாம், திரும்பி வருவதில் கூடாது. அறுந்த ஃபைபரை ஒட்டும்போது இணைப்பு இரண்டு மூன்று முறை வந்துவந்து போகும். 2, 3 நிமிடம் தொடர்ந்து நிலைத்த பிறகே ஃபைபருக்குத் திரும்பட்டும்.

இதில் ஒரு குழி உண்டு. நான் ஒரு முழு மாலை இதில் விழுந்து கிடந்தேன். பல ரவுட்டர்கள், சோதனைக்குக் கொடுத்த முகவரியை அந்த இணைப்பின் வழியாக மட்டுமே தேடிப்போகும். முதல் இணைப்பின் சோதனைக்கு 8.8.8.8 கொடுத்துவிட்டு, கணினிகளுக்கும் அதையே டி.என்.எஸ். ஆகக் கொடுத்திருந்தால், 4ஜிக்கு மாறியதும் அந்த முகவரிக்குப் போக வழி இருக்காது. பிங் அடித்தால் மற்ற முகவரிகள் பதில் தரும், ஆனால் ஒரு தளமும் திறக்காது. சோதனைக்குக் கொடுத்த இரண்டையும் விட்டுவிட்டு, டி.என்.எஸ்.ஸுக்கு வேறொன்று என்று பிரித்துவிடுங்கள். இணைப்பு நிறுவனம் கொடுத்த டி.என்.எஸ்.ஸும் வேண்டாம், வேறு நிறுவனத்தின் இணைப்பிலிருந்து கேட்டால் அது பெரும்பாலும் வாய் திறக்காது.

4ஜி பக்கத்துக்கும் இதே சோதனையை, வேறு முகவரிகளோடு வையுங்கள். தேவைப்படும் நாளில்தான் அந்த சிம் கார்டு காலாவதியான கதை தெரிய வரும், இல்லாவிட்டால். டேட்டா கரைந்துவிடுமே என்று அஞ்ச வேண்டாம். 5 நொடிக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 17,280 பிங். வழக்கமான அளவில் போக வர ஏறக்குறைய 3 எம்.பி.தான்.

எல்லாம் முடிந்ததும் மறுபடி சோதியுங்கள். இந்த முறை ரவுட்டர் கேபிளைத் தொடாதீர்கள். மோடத்துக்குள் வரும் ஃபைபரைக் கழற்றுங்கள். அதன் நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டாம். உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத வகை.

கேள்வி: எங்கள் ரவுட்டர் ஒழுங்காகத்தான் மாறுகிறது. ஆனால் மாறும் கணத்தில் வீடியோ அழைப்பு அறுந்துவிடுகிறது. 4ஜியில் இருக்கும்போது வெளியிலிருந்து அலுவலக சர்வருக்குள் நுழையவும் முடிவதில்லை. இரண்டையும் சரிசெய்ய முடியுமா?

பதில்: முதலாவதை ரவுட்டரால் மட்டும் முடியாது. இணைப்பு மாறினால் வெளியுலகுக்கு உங்கள் அலுவலகத்தின் ஐ.பி. முகவரியும் மாறுகிறது. பாதிப் பேச்சில் வேறு எண்ணிலிருந்து பேசினால் எதிரில் இருப்பவர் யாரென்று கேட்பாரல்லவா, அதுதான் நடக்கிறது. சில செயலிகள் தாமாகவே திரும்ப இணைந்துகொள்ளும். மற்றவற்றில் மறுபடி அழைக்க வேண்டியதுதான்.

இரண்டாவதற்கு, ரவுட்டரில் 4ஜியின் முகவரியைப் பாருங்கள். மோடம் தன் முகவரியை மறைத்துக் கொடுத்தால் மோடத்தின் பக்கத்திலேயே பார்க்க வேண்டும். 100.64 முதல் 100.127 வரை ஏதேனும் ஒன்றில் தொடங்கினால், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். இதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. உங்கள் ரவுட்டரில் எந்தக் கதவைத் திறந்து வைத்தாலும், வெளிவாசல் நிறுவனத்தின் கையில். அலுவலகத்திலிருந்து வெளியே ஒரு சர்வருக்கு வி.பி.என். என்னும் தனிப்பாதை இணைப்பை ஏற்படுத்தி, அதன் வழியாக உள்ளே வாருங்கள். உள்ளிருந்து வெளியே போவதைப் பொதுவாக யாரும் தடுப்பதில்லை.

கேள்வி: இரண்டு இணைப்பையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் வேகம் இரட்டிப்பாகுமா?

பதில்: அலுவலகம் முழுவதற்கும் சேர்த்துக் கூடும், ஒருவர் பதிவிறக்கும் ஒரே கோப்புக்கு வேகம் அதிகமாகாது. ஒரு கோரிக்கை இந்த வழியாகவும் அடுத்தது அந்த வழியாகவும் போனால், சில வங்கித் தளங்கள் முகவரி மாறியதைக் கண்டு உங்களை வெளியே தள்ளிவிடும். அளவு வைத்து டேட்டா தரும் 4ஜி என்றால் அந்த எண்ணமே வேண்டாம்.

கேள்வி: இரண்டு மோடமும் 192.168.1.1 என்றே காட்டுகின்றன. பரவாயில்லையா?

பதில்: கூடாது. ஒன்றை 192.168.8.1 என்று மாற்றுங்கள். அலுவலகக் கணினிகளின் வரிசையும் அவை இரண்டோடும் மோதாமல் மூன்றாவதாக இருக்கட்டும். மாற்றிய எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மோடத்தின் அடியில் ஒட்டிவிடுங்கள்.