குழாய் மாற்ற 1,18,000 ரூபாய்: டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: மண்டபத்தில் 1994-ல் கட்டிய எங்கள் வீடு 900 சதுர அடி, ஒற்றைத் தளம். போர் தண்ணீர் உவர்ப்பு. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்கள் துருப்பிடித்து ஒரே வருடத்தில் நான்கு இடத்தில் ஒழுகின. ஒட்டுப்போட்டே 14,500 ரூபாய் போய்விட்டது. எல்லாவற்றையும் சிபிவிசிக்கு (சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) மாற்ற பிளம்பர் 1,18,000 கேட்கிறார்: குழாய், பிட்டிங், வால்வு 31,000, கூலி 24,000, சுவர் வெட்டிப் பூசி டைல்ஸ் ஒட்ட 63,000. கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். தொழில் நடக்கும் மாதங்களில் சராசரியாக 20,000 வரும். எனக்குச் சம்பளம் 12,000. வீட்டுச் செலவு 19,000. இருவர் பேரிலும் 1,50,000 ரூபாய் டெபாசிட் 7% வட்டியில் இருக்கிறது. 2 வருடத்தில் 15 மாதம் முடிந்துவிட்டது. நவம்பர் கடைசியில் முதிர்வு. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்தது. உடைத்தால் 1% பிடிப்பார்களாம். உடைப்பதா, நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கு நகையை வைப்பதா, ஒழுகும்போது பார்த்துக்கொள்வதா?
– வாசகி, மண்டபம்

பதில்: எஸ்டிமேட்டை இன்னொரு முறை பாருங்கள். பாதிக்கு மேல் குழாய்க்கு அல்ல, சுவரை உடைத்து மூடுவதற்குப் போகிறது. அந்த 63,000 தேவையே இல்லை. பழைய குழாய் சுவருக்குள்ளேயே கிடக்கட்டும்; தொட்டியில் அதன் வாயையும் மறுமுனைகளையும் பிளக் போட்டு அடைத்துவிட்டு, புதுக் குழாயை வெளிச்சுவரின் மேலேயே ஓட்டுங்கள். சமையலறை, குளியலறையில் தண்ணீர் திறக்கும் டேப்புகள் பெரும்பாலும் வெளிச்சுவரில்தான் இருக்கும். அந்தந்த இடத்தில் வெளியிலிருந்து துளை போட்டால், உள்ளே டேப்புக்கு ஒரு டைல் போகும், அவ்வளவுதான். துளை, கிளாம்ப், டைல், பெயிண்ட் எல்லாம் சேர்த்து 8,000 வையுங்கள். எதிர்பாராத செலவுக்கு 7,000. ஆக மொத்தம் 70,000. பார்வைக்கு அழகில்லை என்பார்கள். உப்புக்காற்று அடிக்கும் ஊரில், ஒழுகினால் கண்ணில் படுகிற குழாய்தான் நல்ல குழாய்.

ஒட்டுப்போடுவதை விட்டுவிடுங்கள். ஜி.ஐ. குழாயில் மரை வெட்டும்போது துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது; உவர் தண்ணீர் முதலில் கடிப்பது அந்த இடத்தைத்தான். ஒரு இணைப்பைக் கழற்ற ரெஞ்ச் போட்டு முறுக்கினால், துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கத்து இணைப்பும் அசைந்துவிடும். மூன்று மாதத்தில் அடுத்த ஒழுகல் வருவது இப்படித்தான். இதைவிடப் பெரிய கவலை மேல்தளம். உப்புத் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால், துரு பருத்து காரையைப் பிளந்து தள்ளும். அந்தச் செலவுக்கு முன்னால் குழாய்ச் செலவு ஒன்றுமே இல்லை.

ஆகவே புதுக் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கக் கூடாது. கைப்பிடிச்சுவரின் அடியில் துளைத்து வெளியே எடுங்கள். சுவரின் மேலே ஏற்றி இறக்கினால் காற்று அடைத்துக்கொள்ளும். உங்கள் தொட்டி தரும் அழுத்தமோ சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 0.3 கிலோதான். அதனால்தான் அளவிலும் கஞ்சத்தனம் கூடாது: தொட்டியிலிருந்து இறங்குவது 1 அங்குலம், சுவர் ஓட்டம் முக்கால், டேப்புக்குப் பிரிவது மட்டும் அரை. உங்கள் வீட்டுக்கு முறையே 12, 30, 18 மீட்டர் போதும். 3 மீட்டர் நீளத்தில் 4, 10, 6 குழாய்கள். ஐ.எஸ். 15778 (சிபிவிசிக் குழாய்க்கான இந்தியத் தர எண்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கீசர் இல்லாத வீட்டுக்கு யுபிவிசி (சாதாரண பிளாஸ்டிக் குழாய்) மலிவு என்று கடைக்காரர் சொல்லக்கூடும். வெயிலில் கிடக்கும் குழாயில் நண்பகல் தண்ணீர் நன்றாகவே சுடும், சூட்டில் யுபிவிசி வலு இழக்கும். சிபிவிசியே இருக்கட்டும்.

பசையும் சிபிவிசிக்கு உரியதாக இருக்க வேண்டும். டப்பாவில் கெட்டியாகிவிட்டதைத் தின்னர் ஊற்றி இளக்கினால் இணைப்பு நிற்காது. கிளாம்ப் பிளாஸ்டிக்கில், 3 அடிக்கு ஒன்று, குழாய் உள்ளே நகரும்படி தளர்வாக. 3 மீட்டர் குழாய் 30 டிகிரி சூடேறினால் 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளும், இறுக்கிக் கட்டினால் முழங்கையில் விரிசல் விடும். வெயில் படும் இடத்தில் தண்ணீரில் கரையும் எமல்ஷன் பூசுங்கள். ஆயில் பெயிண்ட் வேண்டாம், அதிலுள்ள கரைப்பான் குழாயைக் கெடுக்கும். டேப் மாட்டும் இடங்களில் பித்தளை மரை உள்ள பிட்டிங் கேளுங்கள்.

இனிப் பணம். ஒன்றரை வட்டி என்றால் வருடத்துக்கு 18%: 70,000-க்கு மாதம் 1,050, ஒன்பது மாதத்தில் 9,450. நகையை வைக்க வேண்டாம். டெபாசிட்டை உடைத்தால், 15 மாதத்துக்குரிய வட்டி 6.8% என்று வைத்துக்கொண்டாலும், 1% பிடித்தபின் 5.8% தான் கிடைக்கும். அதில் 2,250 நஷ்டம். எடுத்த 70,000-க்கு மீதி ஒன்பது மாத வட்டி 3,675-ம் போகும். கிட்டத்தட்ட 6,000. எடுத்த பணத்தைத் திரும்பச் சேர்ப்பது உங்கள் மன உறுதியைப் பொறுத்தது.

அதே டெபாசிட்டின் மேல் கடன் வாங்குங்கள். வழக்கமாக டெபாசிட் வட்டிக்கு மேல் 1 முதல் 2% வரை வாங்குவார்கள், 8.5% என்று கணக்கிடுகிறேன். ஓவர்டிராஃப்டாகக் கேளுங்கள்: மாதத் தவணை கிடையாது, கட்டக் கட்ட வட்டி குறையும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இது உங்களுக்கு முக்கியம். மார்ச் மாத மிச்சம் 13,000-ஐக் கடனுக்குக் கட்டாதீர்கள். அந்த இரண்டு மாதத்தில் குடும்பத்துக்கு விழும் துண்டு 14,000. அரசின் தடைக்கால நிவாரணம் 8,000 கைக்கு வரும்வரை மார்ச் பணம்தான் ஓட்டும். ஜூன் கடைசியில் மிஞ்சும் 7,000-ஐக் கட்டுங்கள், ஜூலை முதல் நவம்பர் வரை மாதம் 13,000. வட்டி மொத்தம் சுமார் 3,300. முதிர்வின்போது பாக்கி 1,300 அளவில் நிற்கும், கல்லூரிக் கட்டணத்துக்குப் பங்கம் வராது.

வீட்டுக் காப்பீடு இருந்தாலும் மெல்ல அரித்த துருவுக்குப் பணம் வராது. அதை எதிர்பார்க்க வேண்டாம்.

பிளம்பருக்குப் பொருளை நீங்களே வாங்கிக் கொடுங்கள். கூலி 24,000-ல் 5,000-ஐ நிறுத்தி வையுங்கள். கடைசி இணைப்பு ஒட்டி 24 மணி நேரம் கழித்து, கைப்பம்பு வைத்து 6 கிலோ அழுத்தம் ஏற்றி, ஒரு மணி நேரம் பம்பிலுள்ள அழுத்தமானியின் முள் இறங்காமல் நின்றபின் கொடுக்கலாம். தொட்டித் தண்ணீரை விட்டுப் பார்த்தால் போதும் என்பார். அந்த அழுத்தத்தில் மோசமான இணைப்புகூடச் சில மாதம் ஒழுகாது. வங்கிப் படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஆகவே கணவர் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து, டெபாசிட் ரசீதும் ஆதாரும் பான் கார்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.