முதலில் தசை, பிறகு தொப்பை: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

உடம்பை ஏற்றுவது, ஏற்றிய பிறகு கொழுப்பைக் குறைப்பது பற்றிப் பாம்பன் முதல் சாயல்குடி வரை உள்ளவர்கள் கேட்டவை இவை. சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி (பாம்பன், 24 வயது): விசைப்படகுல வேலை. உயரம் 170 செ.மீ., எடை 58 கிலோ. கை மட்டும் முறுக்கா இருக்கு, நெஞ்சும் காலும் குச்சி மாதிரி, வயித்துல லேசா தொப்பை. முதல்ல தொப்பையைக் குறைக்கணுமா, உடம்பை ஏத்தணுமா? மீன்பிடித் தடைக்காலத்துல மட்டும் ஜிம்முக்குப் போனா போதுமா?

பதில்: முதலில் ஏற்றுங்கள் தம்பி. 58 கிலோவில் இருந்துகொண்டு சாப்பாட்டைக் குறைத்தால் தொப்பை போவதற்குள் இருக்கிற கொஞ்ச நஞ்சத் தசையும் போய்விடும். கடைசியில் சின்னத் தொப்பையோடு 53 கிலோவில் நிற்பீர்கள். தசை ஏறினாலே இடுப்பு அதே அளவில் இருக்க, நெஞ்சும் தோளும் விரிந்து தொப்பை பாதி மறைந்துவிடும்.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பயிற்சியைப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் அந்த ஒன்பது வாரம் தொடக்கம்தான். புதிதாகத் தொடங்கும் ஆண் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினால் மாதம் முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை எடை ஏறலாம். அதற்குமேல் வேகமாக ஏறினால் கூடுதலாக வருவதில் பெரும்பகுதி கொழுப்புதான். ஆகவே புரட்டாசி வரைக்கும் ஏற்றுங்கள். ஐப்பசியில் மழை தொடங்கும்போது இடுப்பை அளந்து பாருங்கள். தொப்புளுக்கு நேராக டேப் வைத்து, மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். உயரத்தில் பாதியைத் தாண்டியிருந்தால், உங்கள் கணக்கில் 85 செ.மீ., அப்போது எட்டுப் பத்து வாரம் குறைக்கலாம். தாண்டவில்லையா, தொடர்ந்து ஏற்றுங்கள்.

எவ்வளவு சாப்பிடுவது என்பதை உங்கள் உடம்பிடமே கேட்கலாம். இரண்டு வாரம் வழக்கம்போல் சாப்பிட்டு, தினமும் காலையில் வெளிக்குப் போய்வந்து, வெறும் வயிற்றில் எடை பார்த்து எழுதுங்கள். வாரச் சராசரி நகராமல் நின்றால் அந்தச் சாப்பாடு உங்கள் செலவுக்குச் சரி. அதற்குமேல் தினமும் 300 கலோரி சேர்த்தால் போதும். 40 கிராம் வேர்க்கடலையும் ஒரு வாழைப்பழமும் அந்தக் கணக்குக்கு வந்துவிடும்.

புரதம், எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் குறைந்தது 93 கிராம் வேண்டும். காலையில் 3 முட்டை, 4 இட்லி (26 கிராம்). மதியம் 200 கிராம் மீன் சதை, சோறு (46). சாயங்காலம் வேர்க்கடலை, ஒரு தம்ளர் பால் (16). இரவு 30 கிராம் சோயா உருண்டை போட்ட குழம்பு (15). கூட்டினால் 100 தாண்டும். மீனை வாங்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: தலை, குடல், முள் போக முழு மீனில் பாதிக்கும் குறைவாகத்தான் சதை தேறும். 200 கிராம் சதைக்கு அரைக்கிலோ மீன் வாங்க வேண்டும். சீலாவும் பாறையும்தான் சத்து என்று காசைக் கொட்டத் தேவையில்லை. சாளையிலும் நெத்திலியிலும் புரதம் கிட்டத்தட்ட அதே அளவு இருக்கிறது. சாளையில் ஒமேகா 3 கொழுப்பு கூடுதலாகவே உண்டு. தடைக்காலத்தில் மீன் விலை ஏறினால் முட்டைக்கும் சோயாவுக்கும் மாறிக்கொள்ளுங்கள், தசைக்கு வித்தியாசம் தெரியாது.

கேள்வி (தங்கச்சிமடம், 30 வயது): நாட்டுப்படகுல தினமும் வலை இழுக்கிறேன். இதைவிடப் பெரிய உடற்பயிற்சி என்ன இருக்கு? இருந்தும் உடம்பு ஏறலையே அண்ணே.

பதில்: உங்கள் வேலை கடினமானதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தசை வளர, சுமை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போக வேண்டும். போன வருஷம் இழுத்த வலையும் இந்த வருஷம் இழுக்கும் வலையும் ஒரே எடை. உடம்பு அதற்குப் பழகி, அதோடு நிறுத்திக்கொண்டது. இன்னொன்று, இழுப்பதில் பெரும்பாலும் முதுகும் கையும்தான் வேலை செய்கின்றன. தள்ளும் தசைகளான நெஞ்சுக்கும் தோளின் முன்பக்கத்துக்கும் வேலையே இல்லை. தொடை, படகு ஆட்டத்தில் நிலை தவறாமல் நிற்பதோடு சரி. மூன்றாவது, ராத்தூக்கம் கெடுகிறது. தூக்கம் ஐந்து மணிநேரத்துக்குக் கீழே போனால் சாப்பிட்டதில் தசைக்குப் போவது குறையும். விடியலில் கரை வந்தால் மதியம் ஒரு தூக்கம் போட்டு, இரண்டையும் கூட்டி ஏழு மணிநேரம் ஆக்குங்கள்.

உங்களுக்கு வாரம் இரண்டு நாள், நாளைக்கு 45 நிமிடம் போதும். கால், தள்ளுதல், டெட்லிஃப்ட் (தரையில் உள்ள சுமையை இடுப்பிலிருந்து குனிந்து தூக்கி நிமிர்வது) இவற்றில் கவனம் வையுங்கள். முதுகுக்கு வலையே பாதி வேலையைச் செய்துவிடுவதால் ஒரே ஒரு பயிற்சி போதும்.

கேள்வி (பாம்பன் தம்பி மறுபடியும்): திங்கள், புதன், சனி கடலுக்குப் போயிட்டு மறுநாள் காலையில வருவேன். தடைக்காலம் முடிஞ்சா எந்த நாள் செய்றது? எங்க தெருவுல ஜிம் இல்லை.

பதில்: கரை வந்த அன்று தூங்கி எழுந்த பிறகு, செவ்வாய் மாலை. அடுத்தது வெள்ளி காலை. மூன்றாவது ஞாயிறு மாலை. கடலுக்குப் போகும் நாளில் காலைப் பயிற்சி வேண்டாம். களைத்த காலோடு ஈரத் தளத்தில் நின்றால் வழுக்கும்.

ஜிம் இல்லாவிட்டால் இரண்டு சாக்கு தேடுங்கள். 25 கிலோ அரிசிச் சாக்கில் காய்ந்த மணலைப் போட்டு, அதை இன்னொரு சாக்குக்குள் வைத்து வாயைத் தைத்துவிடுங்கள். ஈர மணல் வேண்டாம், ஒவ்வொரு நாளும் எடை மாறும், சாக்கும் மக்கும். முதலில் 15 கிலோ. மீன் நிறுக்கும் தராசில் நிறுத்து, எடையைச் சாக்கின் மேலேயே எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் ஏற்றினோமா இல்லையா என்பது இரண்டு வாரத்தில் மறந்துபோகும்.

ஒவ்வொரு நாளும் ஐந்து பயிற்சி: மூட்டையை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்து எழுவது, டெட்லிஃப்ட், தண்டால், மூட்டையைத் தலைக்குமேல் தூக்குவது, கம்பியில் தொங்கி ஏறுவது. ஒவ்வொன்றும் 3 சுற்று, சுற்றுக்கு 8 முதல் 12 முறை, நடுவில் 2 நிமிடம் ஓய்வு. இன்னும் ஒன்றிரண்டு முறை செய்யலாம் என்ற தெம்பு இருக்கும்போதே நிறுத்துங்கள். மூன்று சுற்றும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை 2 கிலோ மணல் சேருங்கள். தண்டால் 12 சுலபமாகிவிட்டால் முதுகில் பையை மாட்டி அதில் மணலை ஏற்றுங்கள்.

டெட்லிஃப்டில்தான் பலர் முதுகைக் கெடுத்துக்கொள்கிறார்கள், இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஒரு துடைப்பக் கட்டையை முதுகில் நீளவாக்கில் வையுங்கள். அது பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடு, வால் எலும்பு என மூன்று இடத்தில் தொட வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி, பின்னால் இருக்கும் சுவரைப் புட்டத்தால் தொடப் போவதுபோல் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். மூன்றில் ஓர் இடம் விலகினாலும் முதுகு வளைகிறது என்று அர்த்தம், அதற்குமேல் குனியாதீர்கள். பின்தொடை இழுபடுவது தெரிய வேண்டும், கீழ்முதுகில் வலி தெரியக் கூடாது. ஒரு வாரம் கட்டையோடு பழகிவிட்டு மூட்டையைத் தொடுங்கள். தூக்கும்போது மூட்டை காலை ஒட்டியே வர வேண்டும். ஒரு சாண் தள்ளிப் போனாலும் கீழ்முதுகுக்குப் பாரம் வெகுவாகக் கூடும்.

கேள்வி (தேவிபட்டினம், 27 வயது): எட்டு மாசம் ஏத்தினேன். 62 கிலோ இப்ப 71. நெஞ்சு வந்துச்சு, தொப்பையும் வந்துச்சு. குறைக்கிறதுக்கு வெயிட்டை விட்டுட்டு ரெயின்கோட் போட்டு பீச்சுல ஓடலாமா?

பதில்: ரெயின்கோட்டைக் கழற்றி வையுங்கள். அதில் போவது வியர்வை, தண்ணீர் குடித்ததும் எடை திரும்பிவிடும். நம் கரை வெயிலில் அது மயக்கத்தில்கூடக் கொண்டுபோய் விடும்.

எடை தூக்குவதையும் விடாதீர்கள். இந்தத் தசை இன்னும் வேண்டும் என்று உடம்புக்குச் சொல்வது அந்தச் சுமை மட்டும்தான். குறைக்கும் காலத்தில் சுமையை அப்படியே வைத்து, சுற்றுகளில் மூன்றில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். லேசான எடையில் முப்பது நாற்பது முறை செய்தால் தசை செதுக்கினாற்போல் வரும் என்று சொல்வார்கள். வராது. செதுக்குவது சாப்பாடுதான்.

வாரம் 350 முதல் 500 கிராம் வரை குறைந்தால் சரியான வேகம். அதற்குத் தினமும் 400 முதல் 500 கலோரி குறைய வேண்டும். எங்கே குறைப்பது? 100 கிராம் அரிசி 350 கலோரி, வடித்தால் 270 முதல் 300 கிராம் சோறு. மதியம் தட்டு நிறைய இரண்டு முறை போட்டுக்கொள்பவர் ஒரு முறையாக்கி, அந்த இடத்தில் முருங்கைக்கீரையோ புடலையோ வைத்தால் பெரும்பகுதி வந்துவிடும். மிச்சம் எண்ணெயில். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரிக்குமேல். பொரித்த மீனை வாரம் ஒரு நாளாக்கி, மற்ற நாளில் தேங்காய்ப்பால் விடாத புளிக்குழம்போ, தவாவில் ஒரு கரண்டி எண்ணெயில் வாட்டியதோ சாப்பிடுங்கள். புரதத்தைக் குறைக்காதீர்கள், கிலோவுக்கு 2 கிராமாக ஏற்றுங்கள். உங்களுக்கு 140 கிராம். பசியும் அதில்தான் அடங்கும்.

நடை, தினமும் 40 நிமிடம், வெயில் இறங்கிய பிறகு. ஓட்டம் பிடித்தால் ஓடுங்கள், கட்டாயமில்லை.

இடையில் ஒரு வாரம் எடை இறங்காமல் நின்றால் பதறி இன்னும் சோற்றைக் குறைக்க வேண்டாம். முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தாலே உப்பு தண்ணீரைப் பிடித்து மறுநாள் ஒரு கிலோ ஏற்றிக் காட்டும். இரண்டு வாரச் சராசரியும் இடுப்பளவும் நகராவிட்டால் மட்டும் 150 கலோரி குறையுங்கள்.

கேள்வி (மண்டபம், 45 வயது): பாசி எடுக்கப் போற வேலை. முட்டி வலி, எடை 74. என்னால ஓட முடியாது. நான் என்ன செய்றது?

பதில்: ஓடவே வேண்டாம் அக்கா. நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருப்பதில் தொடங்குங்கள். 8 முறை, 3 சுற்று, வாரம் மூன்று நாள். முட்டி வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். தொடைத் தசை பலமானால் முட்டியின் பாரம் குறையும். கூடவே சுவரில் கை ஊன்றித் தண்டால், குதிகாலைத் தூக்கி இறக்குவது. முட்டி வீங்கியிருந்தாலோ, பூட்டிக்கொண்டு நகர மறுத்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் இது.

சாப்பாட்டில் காலையில் வெறும் டீயும் பன்னும் வேண்டாம். இரண்டு முட்டையோ, முந்தின நாள் மீனோ வையுங்கள். நாள் முழுக்க 75 கிராம் புரதம் வந்தால் நல்லது. எடை தூக்கினால் ஆண்போல் ஆகிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், அதற்கான ஹார்மோன் பெண்களிடம் மிகக் குறைவு.

கேள்வி (கீழக்கரை, 38 வயது): நோன்பு மாசத்துல பயிற்சியை விட்டா உடம்பு இறங்கிடுது. என்ன வழி?

பதில்: காக்கா (அண்ணே), அந்த மாதத்தில் ஏற்றவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இருப்பதைக் காப்பதே இலக்கு. அதற்கு வாரம் இரண்டு நாள், அதே சுமையில், பாதிச் சுற்று போதும். தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்த பிறகு செய்வது சிறந்தது, தண்ணீர் குடித்துக்கொண்டே செய்யலாம். நோன்பு திறக்கும் முன் செய்தே ஆக வேண்டுமென்றால் கடைசி 40 நிமிடத்தில், லேசாக.

திறக்கும்போது பேரீச்சம்பழம், கஞ்சி நல்லதுதான். எண்ணெயில் பொரித்த வாடாவும் சமோசாவும் வயிற்றை அடைத்துவிட்டால் பிறகு புரதத்துக்கு இடம் இருக்காது. வாடா ஒன்றோடு நிறுத்தி, இரவுச் சாப்பாட்டில் மீனோ கோழியோ 200 கிராம். சஹரில் (விடியலுக்கு முன் சாப்பிடும் சாப்பாட்டில்) 3 முட்டை, ஒரு கிண்ணம் தயிர். சஹரை விட்டுவிட்டுத் தூங்குபவர்களுக்குத்தான் தசை இறங்குகிறது.

கேள்வி (ராமேஸ்வரம், 22 வயது): நாங்க சைவம். பவுடர் வாங்கித்தான் ஆகணுமா? மாஸ் கெயினர் நல்லதா? ஜிம்முல ஊசி போடச் சொல்றாங்க.

பதில்: ஊசி வேண்டவே வேண்டாம் தம்பி. வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் (டெஸ்டோஸ்டிரோன்) போனால் உங்கள் விரைகள் அதைச் சுரப்பதை நிறுத்திவிடும், விந்தணு குறையும், ரத்தக்கொழுப்பு கெடும், இதயத் தசை தடிக்கும். 22 வயதில் உங்களுக்கு இயற்கையாகவே அது உச்சத்தில் இருக்கிறது. சொல்பவர் யாராக இருந்தாலும் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள்.

மாஸ் கெயினர் என்ற எடை ஏற்றும் பவுடரில் பெரும்பகுதி மாவுச்சத்து. அந்தக் காசுக்கு அரிசியும் கடலையும் பல மாதம் வாங்கலாம். சைவத்தில் 50 கிராம் சோயா உருண்டை (26 கிராம் புரதம்), அரை லிட்டர் பால் (16), 100 கிராம் பனீர் (18), 80 கிராம் பருப்பு (17), 40 கிராம் வேர்க்கடலை (10), சோறும் இட்லியும் சேர்த்து 15 வரை. நூறு வந்துவிட்டது. இது முடியாத நாளில் ஒரு கரண்டி வே புரதம் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்) எடுக்கலாம், டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கிரியேட்டின் (பயிற்சியில் தசைக்குத் தெம்பு தரும் பவுடர்) தினமும் 3 முதல் 5 கிராம் எடுத்தால் பலன் உண்டு, சைவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது அதை எடுப்பதாக மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் 'கிரியேட்டினின்' அளவு சற்று ஏறிக் காட்டும்.

கேள்வி (சாயல்குடி, 57 வயது): சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறேன். சீனியை விட்டுட்டுக் கருப்பட்டிக் காப்பி, பதநீர்னு மாறிட்டேன். எடை இறங்கலையே?

பதில்: ஐயா, கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், கலோரியும் சீனியைப் போலத்தான். பதநீரும் அப்படியே. உங்கள் சர்க்கரை அளவுக்கு இரண்டும் ஏற்றவை அல்ல, காப்பியை இனிப்பில்லாமல் பழகுங்கள். சோற்றைக் குறைத்து நடையும் பயிற்சியும் தொடங்கும் முன் மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் அளவைக் குறைக்க வேண்டி வரலாம், இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து நடுவழியில் கை நடுங்கி வியர்க்கும். ரத்த அழுத்தமும் இருந்தால் உப்புக் கருவாட்டை வெந்நீரில் இரண்டு முறை ஊறவைத்துக் கழுவி, மாதம் ஒன்றிரண்டு நாளோடு வைத்துக்கொள்ளுங்கள்.